ஆலயத்துக்கு சேண்டர் உபயம் கொடுக்க நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் படியுங்கள்



ஆண்டுத் திருவிழாவுக்கு முன்னால் மண்டபம், மதில் சுவர், கதவு, கிரில் எல்லாத்துக்கும் சாயம் அடிக்கப் போகிறோம்னு அறிவிப்பு போட்டதிலிருந்து, நல்ல மனசுள்ள நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. "சாயம் தேய்க்கிற மிஷின் ஒன்னு உபயமா வாங்கித் தரவா?" ரொம்ப சந்தோஷம். தாராளமாகத் தாருங்கள். ஆனால் ஆளுக்கு ஒன்றாக 80 வெள்ளி மிஷின் நாலு வேண்டாம். நாலு பேரும் சேர்ந்து நல்லதாக ஒன்று வாங்கினால் போதும். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். சாய வேலையைத் தொழிலாகச் செய்யும் தம்பிமார்கள் நம் ஆலயத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக இருக்கும் சேண்ட்பேப்பர் மிஷினைத்தான் பாம் சேண்டர் என்கிறார்கள். அடியில் ஒரு பேட் இருக்கும். அந்தப் பேட்டில் கெர்த்தாஸ் பாசிர் ஒட்டியிருக்கும். சுவிட்சைப் போட்டால் அது சின்னச் சின்ன வட்டமாக அதிரும், பழைய சாயத்தையும் பட்டியையும் தேய்த்துச் சமமாக்கும். பளபளப்பான பழைய எண்ணெய் சாயத்தின் மேல் தேய்க்காமல் புதுசை அடித்தால் பிடிக்காது. அடுத்த வருஷமே தோல் உரிகிற மாதிரி உரியும். அப்புறம் "என்ன சாயம் வாங்கினீங்க?" என்று பொருளாளரைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். பாவம் அவர்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மதில் சுவரின் கீழ்ப்பகுதியில் சாயம் உப்பிக்கொண்டு வருதே, அதுக்கும் சேண்டருக்கும் சம்பந்தமில்லை. அது ஈரம். தண்ணீர் எங்கிருந்து ஏறுது என்று பார்த்து அதை நிறுத்தாமல் எவ்வளவு தேய்த்தாலும் திரும்பவும் உப்பும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் ஸ்டோர் ரூமில் இப்போது மூன்று சேண்டர் படுத்திருக்கின்றன. மூன்றும் யாரோ பக்தியோடு கொடுத்ததுதான், யாரையும் குறை சொல்லவில்லை. நாங்கள் மூன்றையும் பிரித்துப் பார்த்தோம். ஒன்றில் பேட்டின் அடியில் சேண்ட்பேப்பரைப் பிடித்துக்கொள்ளும் முள் பரப்பு சூட்டில் உருகிப் போயிருக்கு, பேப்பர் ஒட்ட மாட்டேங்குது. இன்னொன்றில் சுவிட்சுக்குள் தூசி போய் அடைத்திருக்கு. மூன்றாவது பேரிங் போய்க் கத்துது. மோட்டார் மூன்றிலும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் குப்பையாகக் கிடக்கு? பேட் வாங்கப் போனால் கடையில் இல்லை. கார்பன் பிரஷ் கேட்டால் "அந்த மாடல் இப்போ வர்றதில்ல" என்கிறார் தவுக்கே. சில்லறைக் காசு சாமான் கிடைக்காமல் முழு மிஷினும் செத்துப்போச்சு.

அதனால் எங்கள் கருத்து இதுதான். நீண்ட நாள் உழைக்கிற சேண்டர் என்றால் உதிரிப் பாகம் நம்ம ஊர்க் கடையில் கிடைக்கிற சேண்டர். பெட்டியில் எத்தனை வாட் போட்டிருக்கு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று போட்டிருக்கு, இதெல்லாம் அப்புறம். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். தேயாத மிஷின் உலகத்தில் கிடையாது. தேய்கிற பாகத்தை மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. சேண்டரில் தேய்வது நாலு சாமான்: அடி பேட், பேட் தன் இஷ்டத்துக்குச் சுற்றாமல் பிடிக்கும் ரப்பர் வளையம், கார்பன் பிரஷ், பேரிங். கடைக்குப் போனதும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "தவுக்கே, இதுக்கு பேட் தனியா வச்சிருக்கீங்களா? பிரஷ் இருக்கா?" அவர் எடுத்து மேசைமேல் வைத்தால் மேற்கொண்டு பேசலாம். "ஆர்டர் பண்ணலாம், பார்க்கலாம்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இனி எந்த வகை என்ற பேச்சு. கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். சதுரமாக இருப்பது கால் தாள் சேண்டர். ஒரு முழு சேண்ட்பேப்பரை நாலாக மடித்துக் கிழித்தால் ஒரு துண்டு இதுக்குச் சரியாக இருக்கும். தனியாக ஒட்டுப் பேப்பர் தேட வேண்டாம், செலவு குறைவு. சதுரம் என்பதால் கதவுச் சட்டத்தின் மூலை வரைக்கும் போகும். இதில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 14,000 சுற்று வரைக்கும் அதிரும், ஆனால் வட்டம் ரொம்பச் சின்னது. அதனால் மெதுவாகத்தான் தேய்க்கும். கடைசிப் பூச்சுக்கு முன்னால் மென்மையாக ஒரு தடவை தேய்க்க இது அருமை. பழைய சாயத்தை உரிக்க இதை வைத்துக்கொண்டால் திருவிழா முடிந்து விடையாற்றியும் வந்துடும்.

இன்னொன்று வட்டமானது, ராண்டம் ஆர்பிட் சேண்டர். 125 மில்லிமீட்டர் வட்டத் தாள் முள்ளில் ஒட்டிக்கொள்ளும். இது அதிர்ந்துகொண்டே சுற்றவும் செய்யும், அதனால் ஒரே இடத்தில் கோடு விழாது, வேகமாகத் தேய்க்கும். மூலைக்குள் போகாது, அங்கே கையால்தான் தேய்க்க வேண்டும்.

ஒரே ஒரு சேண்டர்தான் வாங்க முடியும் என்றால் வட்டமானதை வாங்குங்கள், அதிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம் உள்ளதாக. பெயர் சொல்லச் சொன்னால், மக்கித்தாவில் பிஓ 5031, 300 வாட், வேகம் 4,000 முதல் 12,000 வரை. போஷ் நீல நிறத்தில் ஜிஇஎக்ஸ் 125-1 ஏஇ, 250 வாட். போஷில் பச்சை நிறம் வீட்டு உபயோகத்துக்கு, நீலம் தொழில் செய்பவர்களுக்கு. இது தெரியாமல் பச்சையை வாங்கித் தினமும் எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு மிஷினைத் திட்டுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு எந்தக் கம்பெனியும் கமிஷன் தரவில்லை, ஒரு தே தாரிக்கூட வாங்கித் தந்ததில்லை. இந்த மாதிரி மிஷின் சில நூறு வெள்ளி ஆகும். நாலு பேர் சேர்ந்தால் பெரிய பாரம் இல்லை.

தினமும் இதே வேலை செய்யும் தம்பிமார்களுக்கு வேறு கணக்கு. பின்லாந்து நாட்டு மிர்க்கா, ஜெர்மனி பெஸ்டூல் என்று கார்பன் பிரஷே இல்லாத மோட்டார் போட்ட சேண்டர்கள் இருக்கின்றன. விலையைக் கேட்டால் தலை சுற்றும், தூசி உறிஞ்சும் மிஷினோடு சேர்த்தால் இன்னும் சுற்றும். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரம் சேண்டர் பிடிப்பவருக்கு அது ஆடம்பரம் இல்லை. கை மரத்துப் போவதையும் நெஞ்சில் தூசி இறங்குவதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வேலை முடிந்து சாப்பிட உட்காரும்போது விரல் விர்ரென்று இருக்கிறது என்று சொல்கிற தம்பிகளை நமக்கே தெரியும். ஐரோப்பாவில் கைக்கு வரும் அதிர்வு எட்டு மணி நேரச் சராசரியில் விநாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கு, 5 தாண்டக் கூடாது. நல்ல மிஷினின் குறிப்புப் புத்தகத்தில் அதன் அதிர்வு அளவு போட்டிருக்கும். வாங்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்த எண் எங்கேயும் போடாத மிஷினை நாங்கள் வாங்க மாட்டோம்.

பேட்டரி சேண்டர் வாங்கலாமா என்று ஒரு அண்ணன் கேட்டார். டிரில் விட்டு விட்டு ஓடும், சேண்டர் நிறுத்தாமல் ஓடும். பேட்டரி சீக்கிரம் தீரும், மூன்று நாலு பேட்டரி மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மண்டபத்தில் மின்சாரம் இருக்கு. ஓயர் உள்ளதே நமக்குப் போதும்.

இணையத்தில் வாங்குபவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சில மலிவு மிஷின் 110 வோல்ட்டுக்குச் செய்தது, நம்ம பிளக்கில் சொருகினால் அன்றைக்கே புகை. சிரிம் முத்திரை இருக்கா என்றும் பாருங்கள். பெரிய பிராண்ட் பெயரை ஒட்டிப் போலியும் விற்கிறார்கள். பாதி விலைக்கு மக்கித்தா கிடைக்குதென்றால் அது மக்கித்தா இல்லை. கடையில் போய்க் கையில் பிடித்து, சுவிட்ச் போட்டுப் பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். ரசீது இல்லாமல் வாரண்டியும் கிடையாது, ஆலயக் கணக்கிலும் ஏறாது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். தூசி.

நம் ஆலயத்தின் பழைய இரும்புக் கதவும் கிரிலும் என்ன நிறம்? மஞ்சள், சிவப்பு, காவி. பழைய காலத்து எண்ணெய் சாயத்தில் இந்த நிறங்களை ஈயக் கலவையால்தான் பெரும்பாலும் கொண்டு வந்தார்கள். இரும்புக்கு அடியில் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் லெட் பிரைமர் அடிப்பார்கள், அதுவும் ஈயம்தான். சுவரில் இருக்கும்போது அது சும்மா இருக்கும். சேண்டர் பட்டால் மாவாகி மண்டபம் முழுக்கப் பறக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். கோத்தோங் ரோயோங் என்றால் நாம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். பக்கத்திலேயே மடைப்பள்ளி. அன்னதானத்துக்கு அண்டா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். அந்தத் தூசி எங்கே போய் உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே தொண்டர் குழுவில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம், நிர்வாகத்திடமும் சொல்லியாச்சு. எப்போது அடித்தது என்று தெரியாத பழைய எண்ணெய் சாயத்தில், எவ்வளவு நல்ல சேண்டராக இருந்தாலும், மிஷின் வைக்கக் கூடாது. தண்ணீர் தொட்டு, தண்ணீரில் ஊறாத வாட்டர்புரூப் சேண்ட்பேப்பரால் கையால் தேய்க்க வேண்டும், வழிகிற சேற்றைத் துணியில் துடைத்து உறையில் கட்டிப் போட வேண்டும். உரிய வேண்டிய அளவுக்கு மோசமாக இருந்தால் அது தெரிந்த காண்ட்ராக்டர் வேலை. "முன்னெல்லாம் பெரியவங்க கையாலதானே தேய்ச்சாங்க, ஒன்னும் ஆகலையே" என்று சிலர் சொல்கிறார்கள். கையால் தேய்த்ததுதான் அவர்களைக் கொஞ்சமாவது காப்பாற்றியது. மிஷின் செய்கிற அளவுக்கு நுணுக்கான தூசியைக் கை செய்யாது.

மண்டபச் சுவருக்கு எமல்ஷன் சாயம், அங்கே சேண்டர் வைக்கலாம். ஆனால் பட்டி, சிமெண்ட் பூச்சுத் தூசியும் சாதாரணமில்லை. சிமெண்ட் பூச்சில் மணல் இருக்கு, மணலில் சிலிக்கா இருக்கு, அது நுரையீரலில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இந்தத் தூசிதான் சேண்டரின் பேரிங்கையும் தின்கிறது. தூசி உறிஞ்சும் குழாய் மாட்டினால் நம்ம நெஞ்சுக்கும் மிஷினுக்கும் சேர்த்து ஆயுசு கூடும். சேண்டரின் பின்னால் வரும் துணிப்பையை மட்டும் நம்பாதீர்கள், நுணுக்குத் தூசி அதிலிருந்து வெளியேதான் வரும். வீட்டில் கூட்டுகிற வேக்குவம் கிளீனரும் பெரும்பாலும் அப்படித்தான், முன்னால் இழுத்துப் பின்னால் ஊதும். எம் வகுப்பு என்று போட்டிருக்கும் தூசி உறிஞ்சிதான் இந்த வேலைக்கு. ஒரு பிராண்ட் குழாய் இன்னொரு பிராண்ட் சேண்டருக்குப் பொருந்தாது, அதனால் வேக்குவம் வாங்கப் போகும்போது சேண்டரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அது வாங்கும் வரைக்கும் என்95 முகமூடி கட்டாயம். நீல நிறக் கடை மாஸ்க் இந்த வேலைக்கு வீபூதி பூசின மாதிரிதான், மனசுக்கு மட்டும் நிம்மதி.

வட்டத் தாளில் இருக்கும் ஓட்டை அழகுக்கு இல்லை. பேட்டில் எட்டு ஓட்டை இருந்தால் தாளிலும் எட்டு ஓட்டை, நேருக்கு நேர். தப்பாக ஒட்டினால் தூசி உள்ளே போகாது, தாள் அடைத்துக்கொள்ளும், சூடாகும், பேட் உருகும். கால் தாள் சேண்டர் வாங்கினால் பெட்டியில் ஓட்டை குத்துகிற ஒரு தகடு வரும். பாதிப் பேர் அதை என்னவென்று தெரியாமல் தூக்கிப் போடுகிறார்கள்.

பேட் உருகுவதற்கு இன்னொரு காரணம் நம்ம பலம். சில தம்பிகள் சேண்டரை மாவு பிசைகிற மாதிரி அமுக்குகிறார்கள். அமுக்கினால் சுற்று குறையும், சூடு ஏறும், வேலை நடக்காது. மிஷினின் சொந்த எடை போதும். ஒரு விநாடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் மெதுவாக நகர்த்துங்கள். முதலில் 80 நம்பர் தாள், பிறகு 120, பட்டிக்கு மேல் 180, இரண்டு பூச்சுக்கு நடுவில் 240. அவசரத்தில் 80-ல் இருந்து 240-க்குத் தாவினால் 80 போட்ட கீறல் சாயத்துக்கு மேலே தெரியும். விளக்கு வெளிச்சம் பட்டால் நல்லாவே தெரியும். தாள் மழுங்கினால் மாற்றுங்கள், தாளில் மிச்சம் பிடித்து மிஷினைக் கெடுக்காதீர்கள்.

ஆலயத்துக்கென்றே உள்ள ஆபத்து ஒன்று இருக்கு. அபிஷேகம் முடிந்து தரை ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில் எக்ஸ்டென்ஷன் ஓயரைத் தரையில் போட்டு யாரும் சேண்டர் ஓட்டக் கூடாது. வேலை ஆரம்பிக்கும் முன் மெயின் பெட்டியில் இஎல்சிபி சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கு மின்சார வேலை எதுவும் கிடையாது. காலைப் பூசை முடிந்து தரையைத் துடைத்துக் காய்ந்த பிறகுதான் மிஷின்.

மிஷினைச் சமமான சுவர், கதவுப் பலகை, இவற்றோடு நிறுத்திக்கொள்வோம். சுதைச் சிற்பம், வாகனங்கள், தூணில் உள்ள வேலைப்பாடு, இவற்றின் பக்கமே சேண்டர் போகக் கூடாது. மூக்கும் விரலும் ஒரு விநாடியில் போய்விடும், திரும்ப வராது. அது ஸ்தபதியும் அவருடைய ஆட்களும் தொட வேண்டியது.

"இவ்வளவு தலைவலி எதுக்கு, மொத்தமா காண்ட்ராக்ட் விட்டுடலாமே" என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கு. உயரமான இடத்துக்கும் பழைய இரும்புக்கும் காண்ட்ராக்ட் விடுவதை நாங்களே ஆதரிக்கிறோம். மீதி வேலையை நம் பிள்ளைகள் செய்யட்டும். வேலை பழகுகிற இடமாகவும் ஆலயம் இருந்திருக்கிறது. சாயத் தொழிலில் இன்றைக்கு நல்லா இருக்கும் இரண்டு மூன்று பேர் முதலில் பிரஷ் பிடித்தது நம்ம மதில் சுவரில்தான்.

வாங்குகிற மிஷினுக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார். எடுத்தவர் பெயர், தேதி, திருப்பிக் கொடுத்த நேரம், மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். தொழிற்சாலையில் ஒரு ஸ்பேனருக்குக்கூட இப்படித்தான் கணக்கு. வேலை முடிந்ததும் வெளியே கொண்டுபோய் முகமூடியோடு தூசியைத் துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். விளக்கெண்ணெய் டின்னுக்கும் பழைய வேட்டி மூட்டைக்கும் நடுவில் செருகி வைக்கக் கூடாது. யாராவது வீட்டு வேலைக்கு "ஒரு நாள் மட்டும்" என்று கேட்டால் பொறுப்பாளர் முகம் பார்க்காமல் இல்லை என்று சொல்ல வேண்டும். கோபப்படாதீர்கள்.

உபயத்தில் சேர விரும்புபவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்ட்வேர் கடைக்கு எங்களில் இரண்டு பேர் கூடவே வருகிறோம். பெரிய தொகை முடியாதவர்கள் 120, 180 நம்பர் வட்டத் தாள் ஒரு பெட்டி, இல்லையென்றால் என்95 முகமூடி ஒரு பெட்டி வாங்கித் தந்தாலும் போதும்.

இன்னொன்று. ஸ்டோர் ரூமில் உள்ள பழைய மூன்றில் பேட் உருகியதை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை, நல்ல மோட்டார். 125 மில்லி, எட்டு ஓட்டை, நாலு திருகு உள்ள பேட் எந்தக் கடையிலாவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.